வைக்கோற்போரில் மூண்ட தீ

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, காரைக்கால் கரைமீது கடல் ஏறிற்று. அன்று நெரவியின் வீடுதோறும் ஒலித்த ‘சுனாமி’ என்னும் சொல் ஜப்பானியருடையது. துறைமுக அலை என்பது பொருள். அச்சொல்லுக்குரிய மக்கள் ஒரு கதையையும் பேணி வருகின்றனர்.

குன்றில் வாழ்ந்த முதியவர் ஒருவர், கடல் பின்வாங்கக் கண்டார். கீழே ஊரார் விழாவில் திளைத்திருந்தனர். அவர் தம் நெற்கதிர்க் கட்டுகளுக்கெல்லாம் தீயிட்டார். தீயணைக்க மேலேறி வந்த ஊரார் உயிர் பிழைத்தனர். லாப்காடியோ ஹெர்ன் 1897-இல் வெளியான தம் ஆங்கில நூலில் சொன்ன இக்கதை, பின்னர் ஜப்பானியப் பள்ளிகளில் பாடமாயிற்று.

வரலாறு சற்றே வேறு. 1854-இல் ஹிரோ என்னும் ஊரில் வைக்கோற்போர்களைக் கொளுத்திய ஹமாகுச்சி கோரியோ முதியவரல்லர். 34 வயது வணிகர். அலை தாக்கியபின், இருளில் தத்தளித்தோர்க்கு மேட்டுநிலம் காட்டவே அத்தீயை மூட்டினார். அவர் பணி அதனோடு முடியவில்லை. தம் பொருளைச் செலவிட்டு, ஏறத்தாழ 600 மீட்டர் நீளமும் 5 மீட்டர் உயரமும் கொண்ட கரை எழுப்பினார். வாழ்விழந்தோர் அவ்வேலையிலேயே கூலி பெற்று ஊரில் நிலைத்தனர். நன்றி மிகுந்த ஊரார் அவருக்குக் கோயில் எடுக்க முனைந்தபோது தடுத்துவிட்டார். 1946-இல் மீண்டும் அலை எழுந்தது; ஊரின் பெரும்பகுதியைக் காத்தது அவர் எழுப்பிய கரையே.

கதை ஓரிரவின் தியாகத்தைப் போற்றுகிறது. வரலாறு அதன்பின் வந்த ஆண்டுகளின் உழைப்பையும் காட்டுகிறது. இரண்டும் நமக்கு வேண்டும். நெரவியிலும் வயலுண்டு, வைக்கோலுண்டு. கடலும் தொலைவில் இல்லை. ஆனால் ஏறித் தப்பக் குன்றில்லை. 2004-இல் பிறவாத பிள்ளைகள் இன்று இளைஞராகிவிட்டனர். அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது, கண்டவர்களாகிய நம் கடனன்றோ?