டின் கறியும் ஆழ்கடல் பவளமும்

போன வாரம் ரூம்ல அலமாரியை ஒழிச்சப்போ ஒரு டின் மீன் கிடைச்சுது. தேதி முடிஞ்சு எட்டு மாசம். ரூம்மேட் "திறந்து மோந்து பாப்போம்டா"ங்கறான், நான் "தூக்கிப் போடு"ங்கறேன். அந்தச் சண்டையில டின் உணவோட வரலாற்றைத் தேட ஆரம்பிச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆழ்கடல் பவளத்துல போய் நின்னேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் இருந்தார். ஜான் ராஸ், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி.

1818-ல ராஸ், இசபெல்லாங்கிற கப்பல்ல வடமேற்குப் பாதையைத் தேடி ஆர்க்டிக் பக்கம் போறார். பாஃபின் விரிகுடாவுல ஆழம் பார்க்க, கடல் தரையிலிருந்து சேறு கவ்விக்கிட்டு வர்ற ஒரு கருவியைத் தானே வடிவமைச்சு இறக்கினார். மேல இழுத்தா சேத்துக்குள்ள புழுக்கள். கயித்துல சிக்கிக்கிட்டு கிளை கிளையா கைகள் உள்ள ஒரு உயிரி, நட்சத்திர மீனுக்கு உறவு. அவர் கணக்குப்படி அது சிக்கினது சுமார் 800 பாக ஆழத்துல. பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம், கிட்டத்தட்ட 1.8 மீட்டர். நம்ம ஊர் மீனவர்களும் பாகக் கணக்குலதான் ஆழம் சொல்வாங்க. ஆக, கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் ஆழம்.

பெரிய செய்தி இல்லையா? ஆனா அதே பயணத்துல ராஸ் ஒரு சொதப்பலும் பண்ணார். லங்காஸ்டர் நீரிணைக்குள்ள நுழைஞ்சதும் எதிர்ல மலைத்தொடர் தெரியுதுன்னு சொல்லி, அந்த மலைக்கு அட்மிரால்டி செயலாளரோட பேரையும் வெச்சுட்டு, கப்பலைத் திருப்பிட்டார். அடுத்த வருஷம் எட்வர்ட் பாரி அதே இடத்துக்குப் போனார். மலையே இல்லை. நேரா உள்ள போயிட்டார். ராஸோட மானம் போச்சு.

1829-ல பேரை மீட்கக் கிளம்பறார். இந்தத் தடவை அரசாங்கக் காசு இல்லை. ஜின் தயாரிக்கிற ஃபெலிக்ஸ் பூத் பணம் போட்டார். விக்டரிங்கிற கப்பல் பனியில மாட்டிக்கிச்சு. ஒரு குளிர்காலம் இல்ல, மூணு குளிர்காலம்! கடைசியில 1832-ல கப்பலைக் கைவிட்டுட்டு ஃப்யூரி கடற்கரைக்கு நடந்து போறாங்க. ஏன் அங்க? பாரியோட ஃப்யூரி கப்பல் 1825-ல அங்கதான் உடைஞ்சு போச்சு. அதுல இருந்த டின் உணவெல்லாம் கரையில குவிஞ்சு கிடந்தது. 1829-லயே ராஸ் அதுல கொஞ்சம் எடுத்துப் பார்த்து, கெடலைன்னு தெரிஞ்சு வெச்சிருந்தார். அதைச் சாப்பிட்டுத்தான் உயிர் பிழைச்சாங்க. பாரியோட அந்த 1824-ஆம் வருஷப் பயணத்து டின் ஒன்றை 1938-ல திறந்தாங்க. உள்ள இருந்த கன்னுக்குட்டிக் கறி அப்பவும் நல்லா இருந்ததாம். ரூம்மேட்கிட்ட இதை மட்டும் சொல்லலை.

1833 ஆகஸ்ட்ல ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் அவங்களைக் காப்பாத்துது. அது இசபெல்லா! 1818-ல ராஸ் ஓட்டின அதே கப்பல். இடம் அதே லங்காஸ்டர் நீரிணை. "கேப்டன் ராஸ் செத்து ரெண்டு வருஷம் ஆச்சே"ன்னு அவங்க ராஸ்கிட்டயே சொன்னாங்களாம்.

இப்ப நம்ம ஆளுங்களுக்குப் பழக்கமான ஒரு விஷயம். டின் உணவு எப்படிக் கெடாம இருக்குதுன்னு அப்ப யாருக்கும் தெரியாது. லண்டன்ல பிரயன் டாங்கினோட தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சது 1813. கிருமிதான் காரணம்னு லூயி பாஸ்டர் நிறுவினது 1860-கள். நடுவுல அரை நூற்றாண்டு, "ஓடுது, கை வைக்காதே" கதைதான். 1840-கள்ல ஸ்டீஃபன் கோல்ட்னர் கம்மி விலைக்குக் கடற்படை கான்ட்ராக்டைப் பிடிச்சார். சின்ன டின் நல்லா இருந்துச்சு, பெரிய டின்னும் இருக்கும்னு 9 பவுண்டுக்கும் மேல அடைச்சாங்க. சூடு நடுவுல போய்ச் சேரலை. 1852-ல போர்ட்ஸ்மத் பக்கம் கிடங்குல டின்களைத் திறந்தா, பெரும்பாலானது அழுகல். படகுல ஏத்தி ஸ்பிட்ஹெட் கடல்ல கொட்டினாங்க.

அதே தப்பு கடல் விஷயத்துலயும் நடந்தது, அதே காலத்துல. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1841-ல ஏஜியன் கடல்ல வலை போட்டு அரிச்சுப் பார்த்தார். 230 பாகம் வரைக்கும்தான் போனார். கீழ போகப் போக உயிரிகள் குறையுது. கிராஃபை அப்படியே நீட்டி, 300 பாகத்துக்குக் கீழ உயிரே கிடையாதுன்னு சொல்லிட்டார். பலரும் நம்பினாங்க. அப்ப ராஸ் இழுத்துட்டு வந்தது? "மேல வரும்போது வழியில சிக்கியிருக்கும்." இல்லாத மலையைப் பார்த்தவர் சொன்னா யார் கேப்பா?

முடிச்சை அவிழ்த்தது ஒரு இன்ஜினியர். சார்டினியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் நடுவுல 1857-ல போட்ட தந்திக் கேபிள் பழுதாச்சு. 1860-ல அதை மீட்டவர் ஃப்ளீமிங் ஜென்கின். ஆயிரம் பாகத்துக்கும் கீழ கிடந்த துண்டுல பவளம் ஒட்டிக்கிட்டு வந்தது. சிக்கினது இல்ல, கேபிள் மேலயே கால் ஊன்றி வளர்ந்தது. பாரிஸ்ல அல்ஃபோன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸ் ஆராய்ஞ்சார். கேபிள் இறங்கின தேதி தெரியும், ஏறின தேதியும் தெரியும். அந்த மூணு வருஷத்துக்குள்ள அடியிலயே வளர்ந்திருக்கணும். வேற வழியே இல்லை. லாக் ஃபைல்ல டைம்ஸ்டாம்ப் கிடைச்ச மாதிரி.

இன்னைக்கும் இதே கணக்குதான் ஓடுது. வட கடல் எண்ணெய் மேடைகள்ல லோஃபீலியாங்கிற குளிர்நீர்ப் பவளம் குடியேறியிருக்கு. மேடையை நட்ட வருஷம் தெரியுமே, அதை வெச்சு வருஷத்துக்கு 26 மில்லிமீட்டர் வரை வளருதுன்னு கணக்குப் போட்டாங்க. இன்னொரு பக்கம் ஹவாய் ஆழத்துல ஒரு கறுப்புப் பவளத்துக்கு வயசு 4,000 வருஷத்துக்கும் மேல. அதோட தண்டு ஒரு வருஷத்துல தடிக்கிறது நம்ம தலைமுடி கனம்கூட இல்லை.

ராஸ் இதையெல்லாம் பார்க்கலை. 1856-ல இறந்துட்டார். அந்தக் கேபிளைக் கடல்ல இறக்கினது அடுத்த வருஷம்.

டின் மீன் குப்பைக்குப் போயாச்சு. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.