ஆம்ஸ்டர்டாமின் தொழுகையிடங்களும் பிக்கார்ட்டின் செதுக்குப்படங்களும்

பிற சமயத்தவரின் தொழுகையிடத்திற்கே சென்று அவர்தம் சடங்குகளைக் கண்டறியும் வழக்கம் ஐரோப்பாவில் வளர்ந்த நகரங்களுள் 17ஆம் நூற்றாண்டின் ஆம்ஸ்டர்டாம் குறிப்பிடத்தக்கது. ஸ்பெயினை எதிர்த்த நெதர்லாந்தின் வடமாகாணங்கள் 1579இல் உத்ரெக்ட் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கை, சமயத்தின் பொருட்டு எவரையும் துன்புறுத்தலாகாது என விதித்தது. ஆயினும் மனத்தளவில் ஒரு சமயத்தைப் பற்றியிருக்கும் உரிமை வேறு, அதை ஊரறியக் கைக்கொள்ளும் உரிமை வேறு என ஆட்சியாளர் கருதியமையால், கால்வின் என்னும் இறையியலாளரின் நெறி நின்ற சீர்திருத்தத் திருச்சபையே பழைய தேவாலயங்களைப் பெற, கத்தோலிக்கர் ‘மறைதேவாலயங்களில்’, அதாவது தெருவிலிருந்து பார்ப்போர்க்கு வெறும் வீடுகளாகத் தோன்றிய இடங்களில், வழிபட நேர்ந்தது. யான் ஹார்ட்மன் என்னும் வணிகர் 1663இல் தம் வீட்டின் மேல்மாடத்தில் அமைத்த அத்தகைய தேவாலயம் ஒன்று இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

கிறித்தவருள் ஒரு சாரார் இவ்வாறு ஒதுங்கியிருக்க, போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் சமய விசாரணை மன்றங்களுக்கு அஞ்சி வெளியேறிய யூதர்களின் வழியினர் 1675இல் எலியாஸ் பௌமன் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு மாபெரும் ஜெப ஆலயம் ஒன்றை வெளிப்படையாகவே எழுப்பியது வியப்புக்குரியது. அதற்கு முன்பே, 1642இல், இங்கிலாந்தின் அரசி ஹென்ரியட்டா மரியா அச்சமூகத்தாரின் பழைய ஜெப ஆலயத்திற்கு வந்தபோது மெனாசே பென் இஸ்ரேல் என்னும் ரபி, அதாவது யூத சமய ஆசான், வரவேற்புரை நிகழ்த்தினார். புதிய ஆலயத்தின் உட்புறத்தை 1680இல் ஓவியமாகத் தீட்டிய இமானுவேல் டெ விட்டேயின் படத்தில் முன்புறம் நிற்போருட் சிலர் தொழ வந்தோராக அன்றிப் பார்க்க வந்தோராகவே தோன்றுகின்றனர்.

இச்சூழலில்தான், பிரான்சிலிருந்து வந்த புரட்டஸ்தாந்தினரான ழான் பிரடெரிக் பெர்னார் என்னும் பதிப்பாளரும், செப்புத்தகட்டில் படம் செதுக்கும் கலையில் வல்ல பெர்னார் பிக்கார்ட்டும் இணைந்து, உலக மக்களின் சமயச் சடங்குகளைப் பற்றிய ஏழு பெருந்தொகுதிகளை 1723 முதல் 1737 வரை வெளியிட்டனர். பிக்கார்ட் 1733இல் மறைந்த பின்னரும் தொடர்ந்த அவ்வரிசையை, எல்லாச் சமயங்களையும் ஏறத்தாழ ஒரே தட்டில் வைத்து நோக்கியமையால், ஐரோப்பியச் சமய ஒப்பாய்வின் தொடக்கங்களுள் ஒன்றெனக் கொள்வது பொருந்தும். யூதர் இல்லத்திற்குச் சென்று அவர்தம் பாஸ்கா விருந்தை, எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீண்டதை நினைவுகூரும் அந்தச் சடங்கை, நேரிற் கண்டு பிக்கார்ட் வரைந்த படத்தில் உண்போரின் முகபாவங்களும் மேசைப் பொருள்களும் நம்பகமாக அமைந்துள்ளன.

இந்தியச் சமயங்கள் குறித்த பகுதியோ வேறுவகையானது. பழவேற்காட்டில் டச்சுக் கம்பெனியின் போதகராகப் பத்தாண்டளவு இருந்த ஆபிரகாம் ரொஜேரியஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து எழுதியதும், ரொஜேரியஸ் இறந்தபின் 1651இல் வெளியானதுமான நூல் இப்பகுதிக்கு ஆதாரங்களுள் ஒன்றாயிற்று. செய்தி ஓரளவு நேரடியானதெனினும், படங்களோ இந்தியாவைக் காணாத பிக்கார்ட் முந்தைய பயண நூல்களின் படங்களைத் தழுவியும் தம் கற்பனையைக் கலந்தும் செதுக்கியவை. ஆகவே அவற்றை அக்காலத் தமிழகக் கோயில்களுக்குச் சான்றாக எடுத்தாளும் ஆய்வாளர், ஒவ்வொரு படமும் எந்த நூலிலிருந்து பெறப்பட்டது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.