பிடிக்குள் ஒளிந்த பிளேடுகள்

சவரக்கத்தியின் கதை – அத்தியாயம் 9

ஜில்லட் கம்பெனியின் தலைக்கு மேல் ஒரு தேதி தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1904 நவம்பர் 15 அன்று கிங் கேம்ப் ஜில்லட்டுக்குக் கிடைத்த காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டுகள். 1921 நவம்பரில் அது முடிகிறது. அதன்பின் அதே ரேஸரை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம்.

கம்பெனி அந்த நாள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆறு மாதம் முன்பாகவே, மே மாதத்தில், 5 டாலருக்கு விற்றுவந்த பழைய மாடலை 1 டாலருக்கு இறக்கியது. திருத்திய புதிய மாடல் ஒன்றை அதே 5 டாலருக்குக் கடையில் வைத்தது. நகலெடுத்து மலிவாக விற்கலாம் என்று அச்சு வார்த்து வைத்திருந்தவர்களுக்கு இனி எதை மலிவாக்குவது என்று தெரியவில்லை. கண்டம் என்று எல்லோரும் நினைத்த வருடத்தை ஜில்லட் சுலபமாகத் தாண்டிவிட்டது.

ஆக, விலையில் ஜில்லட்டை அடிக்க முடியாது. பிளேடின் மெல்லிசிலும் முடியாது. அதை ஜில்லட் கம்பெனியின் பொறியாளர் நிக்கர்சன் பார்த்துக்கொண்டார். மிச்சமிருந்த ஒரே பலவீனம், எல்லோருடைய கையிலும் தினமும் இருந்தும் யாரும் அதைப் பற்றிப் பேசாத ஒன்று.

பிளேடு மாற்றும் அந்த அரை நிமிடம்.

அன்றைய ஜில்லட் ரேஸரில் பிளேடு மாற்றுவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதலில் பிடியைத் திருகிக் கழற்ற வேண்டும். தலை இரண்டாகப் பிரியும். மேல்மூடி ஒரு கையில், பல் வைத்த அடித்தகடு இன்னொரு கையில், நடுவில் பழைய பிளேடு சோப்பு நுரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். பிறகு புதிய பிளேடை மெழுகுத்தாளிலிருந்து பிரித்து, அதன் மூன்று துளைகளும் மூடியின் முனைகளில் உட்காரும்படி பொருத்தி, மேலே அடித்தகட்டை வைத்து, மறுபடி திருக வேண்டும். இந்த பிளேடுக்கு இரண்டு பக்கமும் கூர். எந்த நீளப் பக்கத்தைப் பிடித்தாலும் வெட்டும். குறுகலான இரு ஓரங்களில் மட்டும்தான் விரல் வைக்கலாம். அதுவும் ஈர விரல்.

முகத்தைக் காப்பாற்றத்தான் பாதுகாப்பு ரேஸர் பிறந்தது. முகம் பிழைத்தது. ஆபத்து அங்கிருந்து நகர்ந்து விரலுக்கு வந்துவிட்டது என்பதே என் கணிப்பு. தீட்டாமல் தூக்கி எறியும் பிளேடு என்ற ஜில்லட்டின் மாபெரும் யோசனைக்குள்ளேயே இந்தச் சிக்கலும் இருந்தது. அடிக்கடி எறிய வேண்டுமென்றால் அடிக்கடி தொடவும் வேண்டுமல்லவா?

முதல் உலகப் போரின் கடைசி வருடத்தில் அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களுக்காக ஜில்லட்டிடம் வாங்கியவை சுமார் 35 லட்சம் ரேஸர்கள், 3 கோடிக்கும் மேற்பட்ட பிளேடுகள். கண்ணாடி சரியாக இல்லாத பதுங்குகுழியிலும், ஆடும் கப்பலிலும், லட்சக்கணக்கான ஆண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். ஊர் திரும்பியபோது அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். பழைய பிளேடை எங்கே போடுவது என்பதே வீட்டுக்கு வீடு தலைவலி ஆனது. அதற்காக அமெரிக்கக் குளியலறை அலமாரிகளின் பின்தகட்டில் ஒரு மெல்லிய கீறல் வைக்கத் தொடங்கினார்கள். அதில் பிளேடைச் செருகினால் சுவருக்குள் விழுந்துவிடும். இன்றைக்கும் பழைய வீடுகளைப் பிரித்துக் கட்டுகிறவர்கள், சுவரின் உள்ளிருந்து துருப்பிடித்த பிளேடுகளைக் குவியலாக அள்ளுகிறார்கள்.

பிளேடைத் தொடாமல் இருக்க ஒரு வழியை ஹென்றி கெய்ஸ்மன் முன்பே கண்டுபிடித்திருந்தார். அவருடைய ஆட்டோஸ்ட்ராப் ரேஸரில் பிளேடைக் கழற்றவே வேண்டாம். தோல்பட்டையை ரேஸரின் தலைக்குள் நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தால் பிளேடு இருந்த இடத்திலேயே தீட்டப்படும். அழகான ஏற்பாடுதான். ஆனால் மறுபடியும் தீட்டுகிற வேலை வந்துவிட்டது. ஜில்லட் ஒழித்த வேலை அது.

தீட்டவும் கூடாது, தொடவும் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்குமா?

நடக்கும் என்று சொன்னவர் ரேஸர் தொழிலைச் சேர்ந்தவர் அல்லர். ராணுவத்திலிருந்து வந்தவர்.

ஜேக்கப் ஷிக் பிறந்தது 1877இல், அயோவா மாநிலத்தில். 1898இல் ராணுவத்தில் சேர்ந்தார். பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே வயிற்றுக்கடுப்பு அவரை உருக்குலைத்தது. குளிர்ப் பிரதேசம் போனால்தான் உடம்பு தேறும் என்று மருத்துவர்கள் சொல்ல, அலாஸ்காவுக்கு மாறினார். அந்தப் பனிக்காட்டில் ராணுவத் தந்திக்கம்பிகள் போடும் பணியில் இருந்தார். 1910இல் ஓய்வு பெற்றும் வடக்கை விட்டுப் போக மனமில்லாமல் சுரங்கம் தேடி அலைந்தார். ஒரு குளிர்காலத்தில் கணுக்கால் சுளுக்கிக் கூடாரத்தில் முடங்கினார். தண்ணீர் உறைந்து கிடந்தது. சோப்பு நுரைக்கவில்லை. தண்ணீரும் சோப்பும் பிளேடும் இல்லாமல் ஒரு மோட்டார் தாடியை வழித்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. படம் வரைந்து கம்பெனிகளுக்கு அனுப்பினார். ஒருவரும் ஏற்கவில்லை.

அந்தப் படங்களை மறந்துவிடாதீர்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் அவை திரும்ப வரும்.

போர் வந்தது. ஷிக் மறுபடி சீருடை அணிந்து, லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்து, போர் முடிந்ததும் வெளியே வந்தார். மோட்டார் ரேஸர் செய்யக் கையில் பணமில்லை. பணம் தரக்கூடிய ஒரு கண்டுபிடிப்பு முதலில் வேண்டும். அது அவருக்கு மிகவும் பழக்கமான இடத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்கச் சிப்பாயின் துப்பாக்கியிலிருந்து.

1903ஆம் ஆண்டு மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து தோட்டாக்களின் அடிப்பக்கத்தை ஒரு சிறிய உலோகப் பட்டை கவ்வியிருக்கும். அதைத் துப்பாக்கியின் மேல்வாயில் பொருத்திக் கட்டைவிரலால் அழுத்தினால் ஐந்தும் சரசரவென்று உள்ளே இறங்கும். பிறகு பக்கவாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழாயில் போய் உட்காரும். இழு, தள்ளு. இருட்டிலும் செய்யலாம், நடுங்கும் கையாலும் செய்யலாம். தோட்டாக்களை ஒவ்வொன்றாக விரலால் எடுத்து வைக்க வேண்டியதே இல்லை.

தோட்டா இருந்த இடத்தில் ஷிக் பிளேடை வைத்தார்.

இதற்காக அவர் முதலில் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஜில்லட்டின் இருபக்கக் கூரை விட்டுவிட்டார். இருபக்கமும் கூரான பிளேடை எங்கே பிடித்துத் தள்ளுவது? ஒற்றைக் கூர் பிளேடுக்கு மழுங்கலான முதுகு இருக்கிறது. அதை இயந்திரம் தாங்கிப் பிடிக்கலாம், கூருக்கு ஒரு கீறலும் படாமல் நகர்த்தலாம். ஆகவே சிறியதாக, குறுகலாக, ஒரு பக்கம் மட்டும் கூர் வைத்த பிளேடு. அவற்றை வரிசையாக அடுக்கிய ஒரு கிளிப். அந்தக் கிளிப்பை வைத்துக்கொள்ள ரேஸரின் பிடிக்குள்ளேயே ஒரு அறை. பிளேடு மழுங்கியதா? இழுத்துத் தள்ள வேண்டியதுதான். புதியது தலைக்குள் நுழையும், பழையது வெளியேறும். திருகுவது இல்லை, பிரிப்பது இல்லை, மூன்று துளைகளைப் பொருத்துவது இல்லை.

1926இல் அது கடைக்கு வந்தது. மேகஸின் ரிப்பீட்டிங் ரேஸர் என்று பெயர். கம்பெனிக்கும் அதே பெயர்தான்.

அதற்கு முன் ரேஸர் என்பது பிளேடைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி மட்டும்தான். பிளேடு வேறு பெட்டியில், வேறு தாளில், வேறு அலமாரியில் இருக்கும். ஷிக்கின் ரேஸர் தன் அடுத்த பல வாரத்து வேலையையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பயணம் கிளம்பியது.

அந்த அறை பிடிக்குள் நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1930களின் நடுவில் பிளேடுகள் பிடியிலிருந்து வெளியேறித் தட்டையான ஒரு தனிக் குழலுக்குப் போயின. குழலின் நுனியில் சாவி போல ஒரு நாக்கு. அதை ரேஸர் தலையின் ஓரத்தில் செருகி, கட்டைவிரலால் தள்ளினால் புது பிளேடு ஒரு பக்கம் நுழைய, பழையது மறுபக்கம் விழும். இன்ஜெக்டர் என்று உலகம் அறிந்தது அதைத்தான். பிடி லேசானது, தண்ணீர் புகும் நுட்பமான பாகங்கள் குறைந்தன. அறை இடம் மாறியது, ஷிக்கின் இழு-தள்ளு மட்டும் அப்படியே இருந்தது. பல பத்தாண்டுகள் அது விற்றது.

ஆனால் அந்த மாற்றத்தைச் செய்தபோது கம்பெனி ஷிக்கிடம் இல்லை.

ஏன்? கர்னல் ஷிக்கின் மேசையில் அலாஸ்காப் படங்கள் இன்னும் இருந்தன. ரிப்பீட்டிங் ரேஸர் விற்ற காலம் முழுக்க அவர் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1920களின் இறுதியில், ரேஸர் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே, தன் பங்கு முழுவதையும் அமெரிக்கன் செயின் அண்ட் கேபிள் கம்பெனிக்கு விற்றுவிட்டார். தான் உண்டாக்கிய பிளேடு வியாபாரத்தை விற்ற பணத்தை, பிளேடே வேண்டாத ஒரு கருவியில் கொட்டினார்.

1929 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது. 1930 மே 13 அன்று உலர் சவரக்கருவிக்கு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. தெருக்களில் ரொட்டிக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. 1 டாலருக்கு ஜில்லட் ரேஸர் கிடைத்துக்கொண்டிருந்த அந்த நாட்டில், 1931 மார்ச் 18 அன்று, ஷிக் தன் கருவியை விற்பனைக்கு வைத்தார்.

அதன் விலை 25 டாலர்.

(தொடரும்)