சுங்கை பூலோ வழியாக வந்த மாத்திரை

கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் சுங்கை பூலோவுக்குப் போகிறவர்களில் பலர் செடி வாங்கத்தான் போகிறார்கள். பூச்செடி, பழக்கன்று, தொட்டி, மண், உரம் என்று சாலையோர நர்சரிகளில் எல்லாம் கிடைக்கும். அந்த நர்சரிகளை வளர்த்தெடுத்தவர்கள் தொழுநோயிலிருந்து குணமான பிறகும் ஊர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள். மருத்துவ உலகம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடனில் ஒரு மாத்திரையும் சேரும். அந்த மாத்திரை இன்று இரத்தப் புற்றுநோய் வார்டில் இருக்கிறது.

மாத்திரையின் பெயர் தாலிடோமைடு. பிறந்த இடம் மேற்கு ஜெர்மனி. 1957 அக்டோபரில் குருனெந்தால் நிறுவனம் அதைக் 'கான்டர்கன்' என்ற பெயரில் தூக்க மாத்திரையாக விற்கத் தொடங்கியது. மருந்துச் சீட்டுகூடத் தேவைப்படவில்லை. மசக்கைக்கும் நல்லது என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். கைகால் வளராத குழந்தைகள் பிறக்க ஆரம்பித்தன. ஜெர்மனியில் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மெக்பிரைடு என்ற இரண்டு மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 1961 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் மாத்திரையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகம் முழுவதும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

இந்த மருந்தின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தது தொழுநோய்.

தொழுநோயாளிகளுக்கு வரும் கொடுமைகளில் ஒன்றுக்கு எரிதீமா நோடோசம் லெப்ரோசம் என்று பெயர். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக 'ரியாக்‌ஷன்' என்பார்கள். மருந்து வேலை செய்து கிருமிகள் சாகத் தொடங்கும் காலத்திலும் இது வரும். உடம்பெங்கும் சிவந்த, தொட்டால் உயிர் போகும் கட்டிகள் எழும்பும். காய்ச்சல் கொளுத்தும். நரம்பு வீங்கும், கண் சிவக்கும். சில நாளில் அடங்கி, மறுபடியும் கிளம்பும். 1964இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், இந்த வலியில் தூங்க முடியாமல் தவித்த ஒரு நோயாளிக்குத் தூக்கம் வரட்டும் என்று தாலிடோமைடு கொடுத்தார். தூக்கம் வந்தது. கட்டிகளும் காய்ச்சலும் சேர்ந்து அடங்கின. 1965இல் அதை எழுதி வெளியிட்டார்.

சில நோயாளிகளுக்குக் குணம் தெரிந்தது என்றால் மருத்துவம் ஒப்புக்கொள்ளாது. தானாகவே அடங்கி எழும் நோயில் மாத்திரைதான் வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? இதற்கு விடை தேடிய இடங்களில் ஒன்று சுங்கை பூலோ.

சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழர்கள், ஈயச் சுரங்கச் சீனர்கள், மலாய்க்காரர்கள் என்று ஒரு கட்டத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். நோய் என்று தெரிந்தால் சட்டம் பிரித்துக் கொண்டுபோய்விடும். உள்ளே பள்ளிக்கூடம், கோயில், மசூதி, தேவாலயம், சிறை எல்லாம் உண்டு. வெளியாரின் கைக்குப் போகக்கூடாது என்று தனிப் பணமே அச்சடித்திருந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்தார்கள். பெயர் மட்டும் 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு'.

இந்த ஏற்பாடு ஆராய்ச்சிக்கு வசதியாகவும் இருந்தது. இதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக இருக்கும் நோயாளிகள். தினமும் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பிரிவு ஒன்று அங்கே இயங்கியது. டாப்சோன் மருந்துக்குத் தொழுநோய்க் கிருமி அடங்காமல் போகும் என்பதை 1964இல் பெட்டிட், ரீஸ் என்ற ஆய்வாளர்கள் நிரூபித்தது சுங்கை பூலோ நோயாளிகளை வைத்துத்தான்.

அதே பிரிவின் மருத்துவர் வாட்டர்ஸ் தாலிடோமைடைக் கையில் எடுத்தார். அவர் தேர்ந்தெடுத்தது ரியாக்‌ஷன் கடுமையாகி, ஸ்டீராய்டு இல்லாமல் இருக்க முடியாத நோயாளிகளை. ஸ்டீராய்டு வலியை அடக்கும். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பைக் கரைக்கும், சர்க்கரையைக் கொண்டுவரும், முகத்தை ஊத வைக்கும். ஒரே நோயாளிக்கு ஒரு காலம் தாலிடோமைடு, இன்னொரு காலம் வெற்று மாத்திரை. எது எப்போது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஸ்டீராய்டை எவ்வளவு குறைக்க முடிகிறது என்பதே அளவுகோல். தாலிடோமைடு சாப்பிட்ட காலத்தில் ஸ்டீராய்டின் தேவை குறைந்தது. 1971இல் 'லெப்ரசி ரிவ்யூ' இதழில் முடிவு வந்தது. அந்தக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வெற்று மாத்திரை காலத்து வலியையும் சேர்த்துத் தாங்கியவர்களுக்கு அந்தப் புகழில் பங்கு கிடைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

தொழுநோயில் பயன் உண்டு என்பதால்தான் விஷம் என்று ஒதுக்கிய மருந்து அலமாரியில் மிஞ்சியது. அது எப்படி வேலை செய்கிறது என்று தேடவும் ஆட்கள் வந்தார்கள். 1991இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கில்லா கப்லானின் குழு, வீக்கத்தைக் கிளப்பும் டி.என்.எஃப் என்ற புரதத்தை இது குறைக்கிறது என்று கண்டது. எலும்பு மஜ்ஜை மாற்று மருத்துவர்கள் இந்த மருந்தை முன்பே கவனித்திருந்தார்கள். மாற்றுக்குப் பிறகு கொடையாளியின் செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்குவது உண்டு. 1992இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அப்படிப்பட்ட நாள்பட்ட நோய் கண்ட 44 பேருக்குத் தாலிடோமைடு கொடுத்ததில் 26 பேருக்குப் பலன் தெரிந்தது. வந்தபின் அடக்குகிறதே, வருமுன் கொடுத்தால் என்ன என்று இன்னொரு குழு பார்த்தது. விபரீதமாகிவிட்டது: மருந்து வாங்கியவர்களுக்கே அந்த நோய் கூடுதலாக வந்தது.

மருந்துக்கு நிலையான இடம் கிடைத்தது மல்டிபிள் மைலோமாவில். மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகி எலும்பை அரிக்கும் புற்றுநோய் அது. இங்கே வழிகாட்டியது தொழுநோய் அல்ல. புதிய இரத்தக் குழாய் முளைப்பதைத் தாலிடோமைடு தடுக்கிறது என்று 1994இல் பாஸ்டனில் டி'அமாட்டோவும் ஃபோக்மனும் காட்டியிருந்தார்கள். அந்தத் தடத்தைப் பிடித்து அர்கன்சாவில் பார்ட் பார்லோகியின் குழு மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1999இல் சீமா சிங்கால் முதல் பெயராக வெளிவந்த கட்டுரையில் 84 நோயாளிகள். அவர்களில் 76 பேருக்கு அதிவீரிய கீமோவுக்குப் பிறகும் நோய் திரும்பியிருந்தது. 32 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. வேறு வழியே இல்லை என்று இருந்தவர்கள் அவர்கள். அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது அதற்கு முந்தைய ஆண்டு, 1998இல். அனுமதி மைலோமாவுக்கு அல்ல, தொழுநோய் ரியாக்‌ஷனுக்கு.

மைலோமாவுக்கு இன்று செய்யும் மாற்று நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை வைத்தே நடக்கிறது. ஊசி போட்டு மஜ்ஜையிலிருந்து செல்களை இரத்தத்துக்கு வரவழைப்பார்கள். இயந்திரம் பிரித்தெடுக்கும், உறைய வைப்பார்கள். பிறகு மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து. அது ஏறும்போது வாய்ப்புண் வராமல் இருக்க ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உறைந்த பையை இளக்கிச் செல்களைத் திருப்பி ஏற்றுவார்கள். பதப்படுத்தப் போட்ட ரசாயனத்தின் வாடை பூண்டு நாற்றம்போல் அறை முழுக்க நிற்கும். மலேசியாவில் மஜ்ஜை மாற்று 1987இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் குழந்தைகளிடம் தொடங்கியது; இன்று பெரியவர்களுக்கு அம்பாங் மருத்துவமனை முக்கிய மையம்.

மாற்று நடந்தால் மட்டும் போதாது, நோய் திரும்பும். அதைத் தள்ளிப்போடுவது தாலிடோமைடின் வாரிசான லெனலிடோமைடு. மாற்றுக்குப் பின் அதைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்ட மூன்று ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் 1,208 பேரின் கணக்கு வந்தது. சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றாத காலத்தின் இடைநிலை 52.8 மாதம், மற்றவர்களுக்கு 23.5. இரண்டாவதாக ஒரு புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றே கூடுகிறது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. லெனலிடோமைடின் விலை கட்டுப்படியாகாத இடங்களில் பழைய தாலிடோமைடே துணை. மலேசிய அரசு மருத்துவமனைகளின் மருந்துப் பட்டியலிலும் மைலோமாவுக்கு அது இருக்கிறது. வாங்குகிறவர் பெண்ணென்றால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யாமல் கொடுக்கக்கூடாது. அந்தக் கண்டிப்பைத் தொல்லை என்று நினைப்பவர்கள் பிரேசிலை நினைத்துப் பார்க்கவேண்டும். தொழுநோய்க்காக மருந்து புழங்கிய அந்த நாட்டில், 1961க்கு வெகுகாலம் கழித்தும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள்.

உடம்புக்குள் மருந்து போய் ஒட்டும் இடத்தை 2010இல்தான் டோக்கியோவில் ஹாண்டாவின் குழு கண்டது. செரிப்லான் என்ற புரதம் அது. மருந்து அதில் ஒட்டியதும், மைலோமா செல் உயிர்வாழத் தேவையான இக்காரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு புரதங்களைச் செல்லே அழித்துவிடுகிறது. இது 2014இல் தெரிந்தது. கருவில் கைகால் வளர வேண்டிய நேரத்தில் இதே மருந்து சால்-4 என்ற வேறொரு புரதத்தை அழிக்கிறது என்று 2018இல் தெரிந்தது. இந்த அறிவை வைத்துச் செய்த ஐபர்டோமைடு என்ற புதிய மாத்திரையை, ஸ்டெம் செல் மாற்று முடிந்த நோயாளிகளிடம் லெனலிடோமைடுக்கு எதிராக நிறுத்திச் சோதிக்கும் பன்னாட்டு ஆய்வு தொடங்கியிருக்கிறது.