உளியால் நிமிர்ந்த கால்

தாம்பரம் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிக்கட்டுக்குக் கீழே ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குகிறவர்களில் ஐம்பதைத் தொடாதவர்களும் இருப்பார்கள். பாதங்களைச் சேர்த்து வைத்தாலும் முட்டிகள் சேராது. நடுவே ஒரு பந்தே போகும். கேட்டால், 'முட்டி தேஞ்சு போச்சாம் சார், மாத்தணுமாம்' என்பார்கள்.

மாற்றுவதற்கு முன்னால் நிமிர்த்திப் பார்க்கலாமே என்ற யோசனை பழசு. 19-ம் நூற்றாண்டு கிளாஸ்கோவில் புகை மண்டிக் கிடக்க, வெயில் படாமல் வளர்ந்த ஏழைக் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்து கால்கள் கோணின. வில்லியம் மெக்யூவன் என்ற சர்ஜன் இதற்கென்றே ஓர் உளி செய்தார். ஆசாரியின் உளிக்கு ஒரு பக்கம்தான் சாய்வு. இதற்கு இரண்டு பக்கமும். எலும்பை வெட்டி நேராக வைத்தால் உடம்பே ஒட்டிக்கொள்ளும். ஆயிரத்துக்கு மேல் செய்தார். 1880-ல் புத்தகமே எழுதினார். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். லிஸ்டர் காட்டிய கிருமி ஒழிப்பு முறைதான் துணை!

தேய்ந்த முட்டிக்கு இதே வித்தையைச் செய்து ஜாக்சன், வா (பெயரே அப்படித்தான்) என்ற இரண்டு ஆங்கிலேய டாக்டர்கள் 1961-ல் எழுதினார்கள். கால் வில்லாக வளைந்தால் உடம்பின் பாரம் முட்டியின் உள்பக்கத்திலேயே இறங்குகிறது. அலைன்மென்ட் போன காரில் டயர் ஒரு ஓரம் மட்டும் தேயுமே, அதே கதை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் மார்க் கவென்ட்ரி 1965-ல், முட்டிக்கு இன்னும் பக்கத்தில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றை எடுத்துவிட்டு இடைவெளியை மூடினார். அங்கே எலும்பு பஞ்சு போன்றது, சீக்கிரம் கூடும்.

பிறகு 1970-களில் உலோகமும் பிளாஸ்டிக்கும் கலந்த செயற்கை முட்டி வந்தது. வலி மாயமாக மறைந்தது. உளி ஓரங்கட்டப்பட்டது. ஆனால் செயற்கை மூட்டும் தேயும். 70 வயசுக்காரருக்கு அது பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் போதும்; 45 வயசுக்காரர் அதைவிட அதிக காலம் இருப்பாரே! இரண்டாம் முறை மாற்றுவது முதல் முறை போல லேசல்ல. 2000-க்குப் பிறகு, ஸ்க்ரூ பூட்டிக்கொள்ளும் உறுதியான பிளேட்டுகள் வந்ததும் பழைய வித்தை திரும்பி வந்தது. இப்போது பெரும்பாலும் துண்டு எடுப்பதில்லை; உள்பக்கம் வெட்டி, விரித்து, பிளேட் வைக்கிறார்கள்.

நம் பக்கம் 1999-ல் டாக்டர் பி.வி.ஏ. மோகன்தாஸ் மணப்பாக்கத்தில் மியாட் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுக்கென்று நகரத்துக்குள் அலைந்த புறநகர்க்காரர்களுக்கு அது பெரிய விஷயம். இன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் மூட்டு மாற்று விளம்பரப் பலகைகள் கண்ணில் படுகின்றன. கால் நிமிர்த்துவதற்கு ஒரு பலகைகூட நான் பார்த்ததில்லை.

எல்லாருக்கும் ஒத்துவராது. உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கவேண்டும், தசைநார்கள் சரியாக இருக்கவேண்டும், சிகரெட் கூடாது. சில வாரம் ஊன்றுகோல். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து மூட்டை மாற்றவேண்டியும் வரலாம். அதுவரை சொந்த முட்டி. சம்மணம் போட்டுச் சாப்பிடப் பலரால் முடியும். டாக்டரிடம் போனால், நிற்கவைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எடுக்கும் எக்ஸ்ரேயைப் பற்றிக் கேளுங்கள். படுக்கவைத்து முட்டியை மட்டும் எடுத்த படத்தில் காலின் கோணல் முழுசாகத் தெரியாது.