சும்பிட்: கேமரன் மலை வேட்டைக்காரரின் ஆயுதத் தொகுதி

சும்பிட் என்பது மலேசியத் தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் வேட்டைக்கு எடுத்துச் செல்லும் ஊதுகுழல். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் செமாய் மக்களும், அதற்கு வடக்கிலுள்ள மலைகளில் தெமியார் மக்களும் இதைக் கையாண்டு வந்தனர். குழல், அம்புகள், அம்புக்கூடு, அடைப்புப் பஞ்சு, நஞ்சு ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் ஆயுதம் முழுமையாகும். அருங்காட்சியகங்கள் பார்வைக்கு எடுப்பான குழலையே முன்னிறுத்துகின்றன. வேட்டைக்காரரின் நுட்பம் பெரும்பாலும் இடுப்பில் தொங்கும் அம்புக்கூட்டுக்குள்தான் இருக்கிறது.

குழலின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு மூங்கில் குழாய்கள். உட்குழாயில் கணு இருந்தால் அம்பு தட்டும். ஆகவே கணுவுக்குக் கணு இடைவெளி மிக நீண்ட மலைமூங்கிலைத் தேடிப் போவார்கள். தீபகற்பத்தின் உயர்ந்த மலைமுகடுகளில் வளரும் ஒரு வகையில் ஒரே கணுவிடை 2 மீட்டரை எட்டும். தைப்பிங்கிலுள்ள பேராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய லியோனார்ட் ரேயின் பெயரை அது தாங்குகிறது. இந்த மூங்கில் கிடைக்காதவர்கள் இரண்டு துண்டுகளைப் பொருத்திக்கொள்வார்கள். வெளிக்குழாய் உட்குழாயை வளையாமலும் அடிபடாமலும் காக்கிறது. செதுக்கு வேலைப்பாடெல்லாம் அதன்மேல்தான்.

அம்பு, பனையினத் தாவரங்களின் ஓலை நரம்பைச் சீவிச் செய்த மெல்லிய ஈர்க்கு. அதன் பின்முனையில் குழலின் துளை அளவுக்குச் செதுக்கிய இலேசான நெட்டிக் கூம்பு இருக்கும். கூம்புக்குப் பின்னால் சிறிது பஞ்சை அடைத்தால் ஊதும் காற்று கசியாது. தமிழர் வீட்டு அடுப்படி ஊதாங்குழலில் காற்று எப்படிப் போனாலும் நெருப்பு பற்றிக்கொள்ளும்; இங்கே மூச்சு கசிந்தால் தப்பிப்போன குரங்கு திரும்ப வராது. நஞ்சு பூசிய பகுதிக்குச் சற்றுக் கீழே ஈர்க்கைச் சுற்றி ஒரு வெட்டுக்கோடு போடுவார்கள். குரங்கு அம்பைப் பிடுங்கினாலும் நுனி ஒடிந்து உடலுக்குள் தங்கிவிடும்.

மூங்கிலால் ஆன மூடியிட்ட அம்புக்கூட்டில் ஒவ்வோர் அம்புக்கும் தனித்தனி நாணல் உறை உண்டு. நஞ்சு நுனிகள் ஒன்றோடொன்று உரசக்கூடாது, ஈரம் படக்கூடாது, எடுக்கும் கையும் கீறிக்கொள்ளக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பஞ்சும் அதற்குள்ளேயே இருக்கும்.

நஞ்சு ‘ஈப்போ’ என்னும் மரத்தின் பால். பட்டையைக் கீறி வடித்து, நெருப்பின்மேல் காட்டிக் கறுத்த பசையாகக் காய்ச்சுவார்கள். கீழே கிந்தா சமவெளியில் உள்ள ஈப்போ நகருக்குப் பெயர் தந்தது இந்த மரம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இது வளர்கிறது. அங்கே இதன் பட்டையை அடித்துச் சாக்கு செய்தார்கள். 1783இல் லண்டன் பத்திரிகையொன்றில், ஜாவாவில் இம்மரத்தைச் சுற்றிப் பல மைல்களுக்கு உயிரே தங்காது என்ற கதை வெளியாகி ஐரோப்பா முழுவதும் நம்பப்பட்டது. உண்மையில் பால் குருதியில் கலந்தால்தான் ஆபத்து. இதயத் தசையைத் தாக்கி அதன் துடிப்பை நிறுத்திவிடும். காயத்தைச் சுற்றியுள்ள சதையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைத்து உண்பார்கள்.

உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேய நெடுவில் வீரரின் சுமையோடு சும்பிட் தொகுதியை ஒப்பிடலாம். அவரிடம் யூ மரத்து வில், 24 அம்புகள் கொண்ட கட்டு, நாண் அடிக்காமலிருக்க மணிக்கட்டுக் காப்பு, கூடவே வாள் இருக்கும். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் வில்களோடு, அம்புகளை விலக்கி வைக்கும் தோல் வட்டுகளும் கிடைத்தன. அவற்றில் 24 துளைகள். அம்பை அம்பிலிருந்து பிரித்து வைக்கும் தேவை இரு நாட்டவருக்கும் இருந்தது. ஆனால் அந்த வில்லுக்குத் தோள்வலிமை வேண்டும், வெட்டவெளி வேண்டும். அடர்காட்டில் மரஉச்சிக் குரங்கைச் சத்தமில்லாமல் வீழ்த்த மூச்சும் நஞ்சும் போதும். தீபகற்பத்திலும் வில் இருந்தது: வடக்கிலுள்ள செமாங் மக்கள் நஞ்சூட்டிய இரும்பு முனை அம்புகளை எய்தனர். அவர்களும் பின்னர் வில்லைக் கைவிட்டு ஊதுகுழலுக்கு மாறினர். ஆய்வாளர்கள் ஸ்கீட், பிளாக்டன் ஆகியோர் 1906இல் வெளியிட்ட பெருநூல் இவ்விரு ஆயுதங்களையும் விரிவாகப் பதிந்திருக்கிறது.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கேமரன் மலையை அளந்தபோது இது செமாய் மக்களின் வேட்டைக்காடு. 1929இல் ரஸ்ஸல் என்ற தொழிலதிபர் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டது. அத்தோட்டங்களில் உழைத்தவர்களில் தமிழரும் அடங்குவர். தேயிலை நிரைகளில் குரங்குக்கும் மலைமூங்கிலுக்கும் இடமில்லை. பிறகு காய்கறித் தோட்டங்கள் வந்தன, வேட்டைத் துப்பாக்கியும் வந்தது. சும்பிட்டின் பின்னடைவுக்குத் துப்பாக்கியை மட்டும் குறை சொல்வது சரியாகாது. மூலப்பொருள் தரும் காடே பின்வாங்கிப் போனது.

மனிதர்மேல் சும்பிட் ஏவப்பட்டது அரிது. செமாய் மக்களின் வன்முறை வெறுப்பை முன்வைத்தே மானுடவியலாளர் ராபர்ட் டென்டன் 1968இல் நூல் எழுதினார். ஆனால் தெமியார் மக்களோடு வாழ்ந்த மானுடவியலாளர் பேட் நூன், 1943இல் ஊதுகுழல் அம்பால் கொல்லப்பட்டார் என்று அவருடைய தம்பி பின்னாளில் விசாரித்து எழுதினார்.

2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஓராங் அஸ்லி மக்கள் சொந்த உணவுக்காக மட்டும் காட்டுப்பன்றி, சருகுமான், முள்ளம்பன்றி உள்ளிட்ட 10 இனங்களை வேட்டையாட அனுமதிக்கிறது; விற்க முடியாது. மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஊதிக் காட்டுவதற்கான குழல்களும் இப்போது செய்யப்படுகின்றன. அவற்றின் அம்புகளில் நஞ்சு கிடையாது.