பாத்திரமறிதல்

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது பழமொழி. இடுபவனுக்குச் சொன்ன புத்தி இது. பாத்திரத்தை எப்படி அறிவது, அறியப்படும்போது பாத்திரத்துக்கு என்ன நேரும் என்பதில் பழமொழிக்கு அக்கறையில்லை. தெருவில் கையேந்துகிறவனுக்கு இதனால் பெரிய நஷ்டமுமில்லை. இந்த வாசலில் இல்லையென்றால் அடுத்த வாசல். இடுகிற கை அரசாங்கத்தின் கையாகிவிட்டால் அடுத்த வாசல் கிடையாது. பாத்திரமறிதல் அப்போது சட்டமாகிறது, இலாகாவாகிறது, படிவமாகிறது. வேலையற்றவர்களுக்கான அரசு உதவியின் சரித்திரம் என்று எழுதப்படுவது, யோசித்துப் பார்த்தால், இந்தச் சோதனைகளின் சரித்திரம்தான்.

அது மிகத் தெளிவாக எழுதப்பட்ட இடம் இங்கிலாந்து. அதன் ஒரு கிளை நம் ஜில்லாக்களுக்கும் வந்து சேர்ந்தது.

1

1795 மே மாதம் பெர்க்‌ஷயர் மாஜிஸ்திரேட்டுகள் ஸ்பீனம்லாண்ட் என்ற ஊரில் ஒரு சத்திரத்தில் கூடினார்கள். பிரெஞ்சு யுத்தம், விளைச்சல் மோசம், ரொட்டி விலை ஏறிவிட்டது. விவசாயக் கூலிக்கு வரும் பணம் குடும்பம் சாப்பிடப் போதவில்லை. ஒரு ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால் மனிதனுக்கு வாரம் மூன்று ஷில்லிங், மனைவிக்கும் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒன்றரை ஷில்லிங் வேண்டும். கூலி குறைந்தால் மீதியை பாரிஷ் வரியிலிருந்து கொடுப்பது என்று கணக்குப் போட்டார்கள். இதில் தயாளம் இருந்தது, பயமும் இருந்தது. பக்கத்து தேசத்தில் ரொட்டியில் தொடங்கிய கலகம் ராஜாவின் தலையில் முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் இந்த உதவியே தீமைக்கெல்லாம் காரணம் என்ற அபிப்ராயம் வளர்ந்தது. உதவி கிடைப்பதால் கூலிக்காரன் சோம்பேறியாகிறான், யோசிக்காமல் கல்யாணம் செய்துகொள்கிறான், பிள்ளைகளைப் பெருக்குகிறான். 1832ல் ஒரு ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. நாஸோ ஸீனியரும் எட்வின் சாட்விக்கும் அதன் மூளைகள். பாரிஷ்களுக்குக் கேள்வித்தாள்கள் போயின. பதில்கள் கட்டுக்கட்டாக வந்தன. 1834ல் வெளியான அறிக்கை அவற்றை எண்ணிப் பார்க்கவில்லை. அவற்றிலிருந்து கதைகளைப் பொறுக்கிக்கொண்டது. 1963ல் மார்க் ப்ளாக் என்ற பொருளாதார அறிஞர் அந்தப் பழைய சான்றுகளைத் திரும்ப ஆராய்ந்து, காரணகாரியமே தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது என்று வாதிட்டார்: உதவி வந்ததால் கூலி குறையவில்லை, கூலி குறைவாக இருந்த இடங்களில் உதவி வந்தது. இடையில் நூற்று முப்பது ஆண்டுகள் அறிக்கையின் கதை சரித்திரமாக வாழ்ந்தது. சந்தைப் பொருளாதாரத்தைக் கடுமையாக விமர்சித்த கார்ல் பொலான்யி கூட 1944ல் எழுதியபோது ஸ்பீனம்லாண்ட் ஏழையைக் கெடுத்தது என்பதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார். ஒரு அபிப்ராயம் எவ்வளவு ஆழமாக வேர் பிடிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1834ன் சட்டம் இரண்டு யோசனைகளின் மேல் நின்றது. உதவி பெறுபவனின் நிலை, உழைத்துப் பிழைக்கிற மிகக் கடைசிக் கூலியின் நிலையைவிடக் கீழே இருக்க வேண்டும் என்பது முதலாவது. உடல் வலுவுள்ளவனுக்கு உதவி ஒர்க்ஹவுஸ் என்ற கட்டடத்துக்குள் மட்டுமே என்பது இரண்டாவது. உள்ளே போனால் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், குழந்தைகள் வேறொரு பக்கம். சீருடை, கல்லுடைப்பு, கஞ்சி. உள்ளே வந்தால் அவன் உண்மையில் ஏழை, வரவில்லையென்றால் ஏழையில்லை. இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் இதில்தான். எந்த அதிகாரியும் எந்த மனிதனைப் பற்றியும் எதுவும் தெரிந்துகொள்ள வேண்டாம். கட்டடமே சோதித்துக்கொள்ளும்.

கீழ்நிலைக்கு ஒரு சிக்கல் உண்டு. வெளியே உழைப்பவன் பட்டினியின் விளிம்பில் இருந்தால் உள்ளே இருப்பவனை அதற்கும் கீழே எங்கே வைப்பது? 1845ல் ஆண்டோவர் ஒர்க்ஹவுஸில் உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலை செய்தவர்கள், அழுகிய எலும்பில் ஒட்டியிருந்த சதைக்கும் மஜ்ஜைக்கும் சண்டையிட்டது வெளியே வந்தது. ஊர் கொதித்தது. 1847ல் கமிஷனைக் கலைத்து வேறொரு போர்டு வைத்தார்கள். கோட்பாட்டைக் கலைக்கவில்லை.

2

இந்தக் கோட்பாடு கப்பலேறி வந்ததை நாம் தாது வருஷத்தில் பார்த்தோம்.

அதற்கு முன் ஒரு சிறு கதை. 1873-74ல் பீஹாரில் பஞ்சம் வந்தபோது பொறுப்பிலிருந்த ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி தருவித்தார். பட்டினிச் சாவு மிகச் சொற்பம். இதற்காக அவர் கண்டிக்கப்பட்டார்: ஊதாரித்தனம், ஜனங்களைக் கெடுக்கும் தாராளம். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்த முறை டெம்பிள் பாடம் படித்திருந்தார். நிவாரண வேலைக்கு வருபவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு சில்லறையும். தவிர, தூரச் சோதனை: வேலை வேண்டுபவன் தன் ஊரைவிட்டுப் பத்து மைல் தள்ளி நடந்துபோய் வேலை கேட்க வேண்டும். நடந்து வருபவனுக்கு உண்மையில் தேவையிருக்கிறது, நடக்காதவனுக்குத் தேவையில்லை. ஒர்க்ஹவுஸ் கட்ட இங்கே நேரமில்லை. சுவருக்குப் பதில் மைல்கல்லை வைத்தார்கள்.

சோதனை தர்க்க சுத்தமானது. பசியால் நடக்க முடியாதவனுக்கும் பசியில்லாததால் நடக்காதவனுக்கும் அதனால் வித்தியாசம் காண முடியாது என்பது ஒன்றுதான் குறை. மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இந்தக் கூலியை எதிர்த்தார். மண் சுமக்கிற உடம்புக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதனுடன் காய்கறி, பருப்பும் வேண்டும் என்றார். மார்ச்சில் சென்னை அரசாங்கம் பாதி தூரம் இறங்கி வந்து ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும் என்றது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் நிவாரண வேலைகளிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டார்கள். சென்னையில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே பக்கிங்ஹாம் கால்வாயின் துண்டு அந்த 1877-78ல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சத்து ஜனங்கள், பெயர் கவர்னருடையது. இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் அதில் நிற்கின்றன.

பஞ்சம் முடிந்தபின் கமிஷன் உட்கார்ந்தது. 1880ன் அறிக்கையில் ஒரு வாதம் வருகிறது. பஞ்சகாலத்தில் நிவாரணம் கேட்பது ஏழையின் உரிமை என்று ஒப்புக்கொண்டால், மற்ற காலங்களிலும் அது அவன் உரிமை என்று ஒப்புக்கொள்ள நேரும், அது கூடாது. லட்சோபலட்சம் சாவுக்குப் பிறகு எழுந்த பயம் இது: செத்தவர்களைப் பற்றியல்ல, உரிமை என்ற சொல்லைப் பற்றி.

3

வேலையின்மை என்ற பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் பரவலானதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதுவரை இருந்தவர்கள் பரதேசி, சோம்பேறி, பாரிஷ் ஏழை. நிலைமைக்குப் பெயரில்லை, மனிதர்களுக்கு வசவு இருந்தது. 1909ல் பெவரிட்ஜ் வேலையின்மையைத் தொழிலின் பிரச்னை என்று தன் புத்தகத் தலைப்பிலேயே சொன்னார். குற்றம் ஆளின் குணத்திலிருந்து தொழிலின் அமைப்புக்கு நகர்ந்தது. 1911 சட்டம் சில தொழில்களில் இருந்த சுமார் 22 லட்சம் பேருக்கு இன்ஷூரன்ஸ் தந்தது: வாரம் ஏழு ஷில்லிங், அதிகபட்சம் பதினைந்து வாரம். இதைத் திட்டமிட்டபோது சர்ச்சில், கணக்கோடு ஒழுக்கத்தைக் கலக்க வேண்டாம் என்ற கட்சியில் இருந்தார். சந்தா கட்டியவனுக்குப் பணம். அவன் குடிகாரனா நல்லவனா என்று கேட்பானேன்? பாத்திரத்தை அறியாமலே இடுவதற்கு ஒரு வழி கிடைத்ததுபோல் ஒரு கணம் தோன்றியது.

கணம்தான். யுத்தம் முடிந்தது, 1921ல் சுரங்கமும் கப்பல் தளமும் ஆலையும் ஒருசேரப் படுத்தன. அவ்வாண்டு மார்ச்சிலேயே புதுச் சோதனை: மனுதாரர் உண்மையாக வேலை தேடுகிறாரா? வேலை இல்லை என்பது கிளார்க்குக்கும் தெரியும், மனுதாரருக்கும் தெரியும். ஆனால் எந்தெந்த வாசலுக்குப் போனாய், யாரைக் கேட்டாய் என்று சொல்ல வேண்டும். மூடிக்கிடந்த சுரங்கங்களின் வாசலுக்கு மனிதர்கள் தினம் நடந்தார்கள். இல்லாத வேலையைத் தேடியதாக நிரூபிக்க வேண்டிய உத்யோகம் ஒன்று ஏற்பட்டது. 1930ல் இந்த விதி நீக்கப்படும்வரை ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 30 லட்சம் மனுக்கள் இதன்கீழ் தள்ளப்பட்டன.

அடுத்தது 1931ன் மீன்ஸ் டெஸ்ட். இருபத்தாறு வாரத்துக்குமேல் வேலையில்லாதவனின் வீட்டு வருமானம் முழுவதும் கணக்கில் வந்தது: மகனின் சம்பளம், கிழவியின் பென்ஷன், சேமிப்பு. விசாரிக்க ஆள் வீட்டுக்குள் வந்தான். மேஜை நாற்காலியைப் பார்த்தான். சம்பாதிக்கும் மகன் வீட்டிலிருந்தால் அப்பாவின் காசு குறையும். மகன் வேறிடம் போய்த் தங்கினான். ஒர்க்ஹவுஸ் குடும்பத்தைச் சுவர் வைத்துப் பிரித்தது. இது கூட்டல் கழித்தலால் பிரித்தது. 1936 அக்டோபரில் ஜாரோ என்ற கப்பல் கட்டும் ஊரிலிருந்து சுமார் இருநூறு பேர் வேலை கேட்டு லண்டனுக்கு 280 மைல் போல நடந்தார்கள். வழியில் ஊரூராய்ச் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் உதவித்தொகையில் பிடித்தம் இருந்தது. நடந்துகொண்டிருந்த நாட்களில் ஊரில் வேலை வந்திருந்தால் அவர்கள் அதற்குத் தயாராக இல்லை என்பது காரணம்.

பிறகு யுத்தம். 1933 தொடக்கத்தில் முப்பது லட்சத்தை நெருங்கிய வேலையற்றோர் எண்ணிக்கை 1943ல் ஒரு லட்சத்துக்கும் கீழே. பத்தாண்டு சும்மா இருந்து உழைக்க லாயக்கற்றுப் போனவர்கள் என்று கருதப்பட்டவர்கள் ஆலைக்குப் போனார்கள். சோம்பலுக்கு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. வேலை வந்தது, அவ்வளவுதான். குடும்ப மீன்ஸ் டெஸ்ட் 1941ல் போயிற்று.

4

இதுவரை சோதித்தவர்களைப் பற்றிச் சொன்னேன். சோதிக்கப்பட்டவர்கள் மனதில் நடந்ததைச் சொல்ல வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை 1929-30ல் மூடியது. யஹோடா, லாஸர்ஸ்ஃபெல்ட், ஸைஸல் மூவரும் தோழர்களுடன் அங்கே போய்க் கண்டதை 1933ல் புத்தகமாக்கினார்கள். ஓய்வு நிறையக் கிடைத்தவர்கள் நிறையப் படிக்க வேண்டுமல்லவா? நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், நின்று நின்று நடந்தார்கள். பெண்களுக்கு நிற்க நேரமில்லை. வீட்டு வேலை மூடப்படவில்லை.

இன்னொன்றும் கண்டார்கள். மரம் வெட்ட உதவி விறகு வாங்கியவனுக்கு உதவித்தொகை நின்றது. பால் கொண்டுபோய்க் கொடுத்துத் தன் குழந்தைகளுக்குக் கொஞ்சம் பால் பெற்றவளுக்கும் நின்றது. இவற்றை மேலிடத்துக்குச் சொன்னவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களும் வேலையற்றவர்கள். நாளாக ஆகப் புகார்கள் பெருகின. பெருகியவற்றில் பெரும்பாலானவை பொய். பட்டினி இத்தனை செய்யாது. ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு பார்க்கிற ஒரு இலாகாவின் கீழ் சில ஆண்டுகள் வாழ்ந்தால் அந்தப் பார்வை தொற்றிக்கொள்கிறது. தான் மட்டும் உண்மையான ஏழை, அடுத்தவன் ஏமாற்றுகிறவன்.

சோதனையின் மிகப் பெரிய வெற்றி இது என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிக்க வந்தது. எல்லோரையும் ஏதாவது மறைக்க வேண்டியவர்களாக்கிவிட்டு, பார், மறைக்கிறார்கள் என்றது. ஏமாற்றுகிறவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வருமானவரி கட்டுகிறவர்களிடையே எத்தனை பேர் உண்டோ இங்கும் அத்தனை பேர் இருப்பார்கள். வருமானவரி கட்டுபவரின் சமையலறைக்குள் வந்து யாரும் நாற்காலியை எண்ணுவதில்லை.

5

1880ன் கமிஷன் அஞ்சிய சொல் 2005ல் இங்கே சட்டமாயிற்று. கிராமக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டில் நூறு நாள் வேலை கேட்கும் உரிமை. பதினைந்து நாளில் கொடுக்காவிட்டால் வேலையின்மைப் படி. தமிழ்நாட்டில் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். உடனே பழைய குரல் கேட்டது: மரத்தடியில் தூங்குகிறார்கள், ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள், நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. சொன்னவர்களில் பெரிய மிராசுகள் மட்டுமல்ல, மாதச் சம்பளக்காரர்கள் உண்டு, கவிதை எழுதுகிறவர்களும் உண்டு. நடவுக்கு ஆள் கிடைக்காததற்குக் கூலியை உயர்த்தலாம் என்பது யாருக்கும் எளிதில் தோன்றவில்லை. பிறகு வேலைத்தலத்தில் நாளுக்கு இருமுறை போட்டோ எடுத்து அனுப்பும் விதி வந்தது. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் மண் சுமந்தவள் சுமக்காதவளானாள். மைல்கல் செல்போனுக்குள் வந்துவிட்டது.

பழமொழியில் பாத்திரம் என்ற சொல்லுக்குத் தகுதி என்று பொருள் சொல்வார்கள். பாத்திரம் என்றால் பாத்திரம்தான். அறிய வேண்டியது ஒன்றே ஒன்று: அது காலியாக இருக்கிறதா. அதைப் பார்க்கக் குனிந்தால் போதும். இருநூறு ஆண்டுகளாக நாம் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.